கலந்தரின் வலது கால்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் மாவடிப்பள்ளிக்குப் போய் றம்ஸீனையே கேட்கலாம். நெல்லுக் கடையில் இருப்பான். எதைக் கேட்டாலும் வாய் ஓயாமல் கதைக்கிறவன், காலைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவான்.

கலந்தர் அவனுடைய மச்சான். மூத்த அக்கா மைமூனாவின் கணவர். போன பெரும்போக அறுவடையில் நெல் வெட்டும் மெசினுக்குள் அவருடைய வலது கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்படி எடுத்த உறுப்பை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் இறந்தவர்களைப் போலவே அடக்குவது வழக்கம். அந்த வேலை றம்ஸீன் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு கறுப்புப் பொதியைக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. யாருக்குத்தான் வரும்? பொதியோடு சேர்த்தே துணியைச் சுற்றி, சுவரோரமாக அடக்கிவிட்டு வந்தான். ஒரு பாரம் இறங்கியது என்று நினைத்தான், பாவம்.

கலந்தர் வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கியது.

"யாரோ என்ட காலைப் புடிச்சிரிக்கிறான்," என்றார்.

எந்தக் காலை? கட்டுக்குக் கீழே படுக்கை விரிப்பு தட்டையாகக் கிடந்தது. அந்த வெறும் இடத்தைப் பார்த்து அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கணுக்காலைச் சுற்றி விரல்கள் இருப்பதாகச் சொன்னார். குளிர்ந்த விரல்கள்.

காயத்துக்கு மருந்து கட்ட வந்த தாதி ஸுஹைறா பயப்படவில்லை. அண்ணனைக் கூப்பிடுவதுபோல் காக்கா என்று கூப்பிட்டு விளக்கினாள்.

"காக்கா, கால்ல படுறதெல்லாம் நரம்பு வழியா முதுகுத்தண்டுக்குப் போய், அங்க இருந்து மூளைக்கு ஏறும். மூளைட கட்டளை அதே மாதிரிக் கீழ இறங்கும். இறங்கினாத்தான் கால் ஆடும். இப்ப கால் இல்ல. ஆனா மூளைக்குள்ள காலுக்கு எண்டு ஒரு இடம் அப்படியே இரிக்கி. வெட்டின நரம்பு சும்மா துடிச்சாலும் மூளை அத கால் எண்டுதான் நினைக்கும்."

"அப்ப, புடிக்கிறது?"

"அதுவும் மூளைட வேலைதான்."

இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்திக் கொடுத்தாள். இடது காலின் பிம்பம் கண்ணாடியில் விழுந்தால், இல்லாத வலது கால் திரும்பி வந்ததுபோல் தெரியும். "ரெண்டையும் சேத்து ஆட்டுறதா நினைங்க. உதறுங்க," என்றாள். காலையில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகும் பின்னேரம் அசருக்குப் பிறகும்.

கலந்தர் உதறினார். உதற உதறப் பிடி இறுகியது. சோறு இறங்கவில்லை, தூக்கம் போனது. கடைசியில், இன்னும் மேலே வெட்டிவிடச் சொல்லுங்கள் என்று கெஞ்சத் தொடங்கினார். மைமூனா உடைந்துபோனாள். ஒரு மனிதனை எத்தனை தரம் வெட்டுவது?

"மண்ணுக்குள்ள கால் கோணலாக் கிடக்குது போல," என்றாள் தம்பியிடம். "ஒருக்காப் போய் நேராக்கிட்டு வா. இன்னொரு வெட்டு அவருக்குத் தாங்காது."

பள்ளிவாசலில் அனுமதி கேட்டுக்கொண்டு, அசர் தொழுத கையோடு றம்ஸீன் மண்வெட்டியுடன் போனான். நல்ல வெயில். போனில் கலந்தர் இருந்தார்.

"தோண்டுறன் மச்சான்."

"ஓம்... மெல்லமாப் புடி. நோகுது."

"நான் இன்னும் தொடல்ல."

இன்னும் இரண்டு வெட்டு வெட்டினான்.

"மண்தான் வருது மச்சான். துணி இன்னும் தெரியல்ல."

"அப்ப... இது யாரு?"

சரக்... மண்வெட்டி எதிலோ பட்டது.

துணி. உள்ளே பொதி. நாற்றம். மூக்கைக் கட்டிக்கொண்டு பொதியைக் கிழித்தான்.

கால் நேராகத்தான் கிடந்தது.

ஆனால்... பெருவிரல்.

றம்ஸீன் செருப்பைக் கழற்றினான். தன் பாதங்களை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

அது இடது கால்.

"விடச் சொல்லு..." போனுக்குள் கலந்தர் அலறினார். "றம்ஸீன்... விடச் சொல்லு..."

மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அன்றைக்கு இரண்டு கால்கள் எடுத்திருந்தார்கள். மற்றது தம்பிலுவில் என்ற ஊரைச் சேர்ந்த கனகரெத்தினத்தின் இடது கால். சீனி வருத்தம், நீரிழிவு. காலை எடுத்த அன்று பின்னேரமே ஆள் முடிந்துவிட்டார். பொதிகள் மாறிப் போயிருந்தன.

மறுநாள் தம்பிலுவிலுக்குப் போய், கனகரெத்தினத்தின் மகன் பவிதரனிடம் எல்லாவற்றையும் சொன்னான். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனான். பவிதரன் திட்டவில்லை.

"நாங்களும் பிரிக்கல்ல," என்றான். "அப்பாட கால் எண்டு அவர்ட பெட்டிக்குள்ளயே வெச்சு மண்ணுக்குள்ள தாட்டம்."

எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"உங்கட மச்சான்... காலை உதறுறவரா?"

றம்ஸீன் கண்ணாடியைப் பற்றிச் சொன்னான்.

"விடியவும் பின்னேரமுமா?"

"ஓம்."

"அந்த நேரத்திலதான் சத்தம். பெட்டிப் பலகையில... டொக்... டொக்... குழி வெட்டுற செல்லத்தம்பி அண்ணன்தான் முதல் கேட்டவர். அப்பாவ உசிரோட தாட்டுட்டமோ எண்டு பயந்து, முந்தநாள் பெட்டியத் திறந்தம்."

"உசிர் இருந்ததா?"

"இல்ல. செத்துத்தான் கிடந்தார். கையக் கட்டி நெஞ்சில வெச்ச நாங்க. கட்டு அவிழ்ந்திருந்தது. பொதி கிழிஞ்சிருந்தது. ரெண்டு கையாலயும் அந்தக் காலைப் புடிச்சிருந்தார். கழட்டப் பாத்தம். ஏலாமப் போச்சு. அப்படியே மூடிட்டம்."

றம்ஸீன் இதை வீட்டில் சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் கலந்தரின் கெஞ்சல் நிற்கவில்லை. அடுத்த வாரம் தொடைவரை எடுத்தார்கள். இந்த முறை றம்ஸீன் பொதியைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்கினான்.

மயக்கம் தெளிந்ததும் மைமூனா கட்டிலில் குனிந்தாள்.

"இப்ப எப்படி இரிக்கி?"

"கால விட்டுட்டான்," என்றார் கலந்தர்.

அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் அழுதுவிட்டாள். அவர் அவளுடைய கையைத் தேடிப் பிடித்தார். 

"இப்ப இடுப்பைப் புடிச்சிரிக்கிறான்."