பதுவையில் ஒரு மணித்தியாலம்

போன மாதம் இத்தாலிக்குப் போய்வந்தேன். இது இரண்டாவது தடவை. முதல் தடவை போனது ஒரு லொறியின் பின்பக்கத்தில்... அதற்கு ஜன்னல் இல்லை. ஆகவே நாட்டைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பிறகு ஒரு கோடை முழுக்கத் தோட்டத்தில் தக்காளி பறித்தேன். அப்போது பார்த்ததும் தக்காளிதான்.

இம்முறை பஸ். பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஏறினால் பிளோரன்ஸ், சியன்னா, திராட்சை மலைகள், கடைசியாகப் பதுவை. ஒழுங்குசெய்தவர் பாண்டிச்சேரிக்காரர், தபால் இலாகாவில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். ஓவியம் என்றால் உயிர். பஸ்ஸில் எல்லோருக்கும் அவர் 'முசியே', அதாவது ஐயா. மற்றபடி நாங்கள் எல்லாம் யாழ்ப்பாணத்து ஆட்கள்.

பிளோரன்ஸில் ஒரு அம்மணப் பளிங்குச் சிலைக்கு முன்னால் நிறுத்தி அரை மணித்தியாலம் விளக்கினார்.

“ஒருத்தரும் இடுப்பிலை கட்ட ஒரு சாரம் குடுக்கேல்லையே இந்தப் பெடியனுக்கு?” என்றார் என் பக்கத்தில் நின்ற புஷ்பராணி அக்கா.

“அது கலை, மதாம்.”

“கலை எண்டாலும் குளிருமெல்லே?”

அக்கா பொண்டி என்ற பிரெஞ்சுப் புறநகரில் இருப்பவர். சிலைக்கும் ஓவியத்துக்கும் வந்தவரல்ல. பதுவை அந்தோனியாருக்காக வந்தவர். நெற்றியில் திருநீறு இருக்கும், அதனால் என்ன? தொலைந்தது கிடைக்க வேண்டுமென்றால் எங்கள் ஊரில் சைவர்களும் அந்தோனியாரிடம்தான் போவார்கள். சாவிக்கொத்துக்கும் அவர்தான், மாட்டுக்கும் அவர்தான்.

அக்கா தொலைத்தது மகனை. வன்னியில் சண்டை முடிந்த நாட்களில், பெயரைப் பதிந்துவிட்டு விடுகிறோம் என்று ராணுவத்தினர் பெடியனைத் தனியாகக் கூட்டிப்போனார்கள். தாயை முகாமுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். இதை அக்கா சியன்னா போகிற வழியில், தோடம்பழம் உரித்துக்கொண்டே சொன்னார். நானும் கேட்டுக்கொண்டே தின்றேன். எங்கள் ஆட்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

கடைசி நாள் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வைன் ருசி பார்ப்பதாகத் திட்டம். வைனை யார் தேடினார்கள்? மூன்று நாள் பாணும் பாஸ்தாவும் தின்று நாக்குச் செத்திருந்தது. பஸ்ஸின் அடியிலிருந்து இரண்டு ரைஸ் குக்கர் இறங்கியது. தோட்டக்காரரிடம் கரண்ட் கேட்டோம். மனிதர் திகைத்துப்போய்த் தன் வைன் அறையைத் திறந்துவிட்டார். பீப்பாய்களுக்கு நடுவே சோறு கொதித்தது. பருப்புக்குத் தாளித்தது புஷ்பராணி அக்காதான். தோட்டக்காரர்கூட இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார்.

சமைத்துச் சாப்பிட்டுப் பதுவைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு சாரதி ஒரு நாளைக்கு இத்தனை மணித்தியாலம்தான் ஓட்டலாம் என்பது சட்டம். ஒரு மணித்தியாலத்தில் கிளம்ப வேண்டும் என்று எங்கள் சாரதி சொல்லிவிட்டார்.

“அப்போ ஓவியம் மட்டும்தான்,” என்றார் முசியே. “எழுநூறு வருஷத்துச் சுவரோவியம். எப்பவோ ரிசர்வ் பண்ணது. சர்ச்சுக்கு டைம் இல்லீங்க.”

“நீங்கள் ஓவியத்தைப் பாருங்கோ முசியே. நான் அந்தோனியாரிட்டைப் போறன்.”

“மதாம், பஸ் நிக்காது!”

“போனாப் போகட்டும்.”

அக்கா நடக்கத் தொடங்கிவிட்டார்... எதிர்த்திசையில். ஓடிப்போய்த் திருப்பினேன். தக்காளித் தோட்டத்து இத்தாலியனில் எனக்குத் தண்ணீர், கூலி, எங்கே என்ற மூன்று சொற்கள் தெரியும். 'எங்கே' போதுமாக இருந்தது.

தேவாலயத்துக்குள் அந்தோனியாரின் கல்லறைக்கு வரிசை நின்றது. நாங்களும் நின்றோம். சற்று நேரத்தில் பின்னால் யாழ்ப்பாணத் தமிழ் கேட்டது. திரும்பினால்... முழு பஸ்ஸும் நிற்கிறது!

“ஓவியம்?” என்றேன்.

“முசியே பாக்கிறார். தனிய, ஆறுதலாப் பாக்கட்டும், பாவம்.”

சுற்றுலா என்று டிக்கெட் எடுத்தாலும் எங்கள் சனம் போவது நேர்த்திக்கடனுக்குத்தான். ஆளுக்கொன்று தொலைத்திருக்கிறார்கள். சோற்றுக்கு நேரம் செலவழித்தவர்கள் ஓவியத்தை விட்டுக்கொடுத்தார்கள். வேறென்ன செய்வது?

எங்கள் முறை வந்தது. கல்லறையின் குளிர்ந்த கல்லில் உள்ளங்கையை வைத்து வேண்டுவது அங்கே வழக்கம். பக்கத்தில் நிறையப் படங்கள்: குழந்தைகள், நோயாளிகள், ராணுவ உடுப்பில் ஒருவன். வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனவை. அக்கா கைப்பையைத் திறந்து மகனின் படத்தை எடுத்தார். முகம் கல்லைப் பார்க்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். உதடு அசைந்தது. பிறகு படத்தைத் திரும்பக் கைப்பையில் வைத்து மூடினார்.

“அக்கா, எல்லாரும் படத்தை இஞ்சை விட்டிட்டுத்தான் போகினம்.”

“தெரியும் தம்பி. நான் விடமாட்டன். ஒருக்கா விட்டிட்டு பஸ் ஏறினது போதும்.”