நைனா மன்னிக்காத சொல்

தந்தி வந்தபோது அரக்கோணத்தில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். அனுப்பியவன் தம்பி. நைனா போய்விட்டார், உடனே வா என்று இரண்டே வரி. கிடைத்த வண்டியில் ஏறி ஆம்பூரில் இறங்கினேன். வீட்டு வாசல் நிறைய ஆட்கள் நின்றார்கள். "சாந்தமான மனுஷன். யாரையும் ஒரு சொல் சொன்னதில்ல" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள்.

ஆரம்பப் பள்ளியில் எனக்குப் பாடம் சொன்ன வாத்தியாரும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். என் தலையில் கை வைத்து, "உன் அப்பா தங்கமான மனுஷன். உன்னை ஆளாக்கினதுல எனக்கும் பங்கு உண்டு" என்றார். நைனாவின் உடல் நடுவீட்டில் இருந்தது. நான் தலையை மட்டும் நகர்த்திக்கொண்டேன். அங்கே சொல்லாததை, அவரை அறிந்த உங்கள் எல்லோருக்குமாக இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். வாத்தியாரும் படிப்பார். படிக்கட்டும்.

என் தகப்பனார் சாந்தமானவர் அல்ல. தோல் பதனிடும் இடத்தில் முப்பது வருடம் உழைத்தவர். கையெழுத்துப் போடத் தெரியாதவர். ஒரு பகையை ஒரு நாள்கூட மறக்காதவர்.

அந்தப் பகை தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. எதையும் சட்டென்று சொல்ல எனக்கு வராது. வாத்தியார் எழுப்பி, "ஏழெட்டு எவ்வளவு?" என்றார். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் வகுப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தோலை ஊற வெச்சா பதமாகும். உன் மண்டைய எத்தனை வருஷம் ஊற வெச்சாலும் ஆகாது." எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு மக்கு என்று பெயர்.

சாயங்காலம் நைனாவிடம், "நான் மக்கு. இனிமே பள்ளிக்கூடம் போவல" என்றேன். அவர் அணைத்துக்கொள்ளவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "அந்தாளு இன்னா சொன்னாரு? ஒரு எழுத்து வுடாம சொல்லு" என்றார். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு அவரே வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். எழுதி வைக்கத் தெரியாதவர் மனப்பாடம் செய்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"சரி. அவரு கேட்டப்ப நீ இன்னா யோசிச்சிகினு இருந்த?"

"ஏழேழு நாப்பத்தொம்போது. அதுல இன்னொரு ஏழு சேத்துகினு இருந்தேன்."

"அப்ப நீ வழியில போய்கினுதான் இருந்திருக்கே. அந்தாளுக்குத்தான் நிக்கப் பொறுமை இல்ல. மக்கு யாரு?"

மறுநாள் பள்ளிக்குப் போனேன்.

அதன்பின் தினமும் வேலை முடிந்து வந்து, வாடை போகாது என்று தெரிந்தே கைகளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டு, என் எதிரில் உட்காருவார். "எனுக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லு" என்பார். புரியாவிட்டால், "புரில, வேற மாதிரி சொல்லு" என்பார். பல நாள் புரிந்தே அப்படிச் சொல்லியிருக்கிறார் என்பது, நான் ஆசிரியையான பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒருமுறை, பாலாறு மைசூர்ச் சீமையில் பிறக்கிறது என்று பூகோளப் பாடம் சொன்னேன். "அவங்க தண்ணிய மறிச்சி வெச்சிகினா நம்ம கதி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "எனுக்கும் தெரில. கேட்டுகினு வா" என்றார். வகுப்பில் நானாக வாய் திறந்தது அதுதான் முதல்முறை. மக்கு என்ற வாத்தியார் அன்று என்னை அதிகப்பிரசங்கி என்றார். நைனா அதையும் மனதில் போட்டுக்கொண்டார்.

அவர் ஒருநாளும் என்னைக் கெட்டிக்காரி என்றதில்லை. பக்கத்து வீட்டு பாய் அவருக்கு தோஸ்த். ஒருநாள் அவர், "பொண்ணு ரொம்ப புத்திசாலிப்பா" என்றார். நைனா முகம் சுளித்தார். "அப்டி சொல்லாத பாய். நாளைக்கு ஒரு கணக்கு வரலன்னா புத்தி போய்ட்ச்சின்னு நெனச்சிக்கும். மூணு வாட்டி தப்பா போட்டு நாலாவது வாட்டி சரியா போட்டுது. அத்த சொல்லு."

எப்போதும் அப்படியே இருந்தார் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. எழுத்து தப்பாக எழுதிய தம்பியை ஒருநாள், "மாடு, மாடு" என்று கத்திவிட்டார். அவன் பலகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். "அந்த வாத்தி என் வாயிலயும் வந்து குந்திகினான்" என்று நைனா அம்மாவிடம் சொன்னார். பிறகு தம்பியைத் தேடிப் போய் அவன் எதிரில் நின்று, "நான் சொன்னது தப்புடா" என்றார். அவர் வேறு யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குப் பதினெட்டு வயதானபோது ஆசிரியப் பயிற்சி முடிந்து சான்றிதழ் வந்தது. நைனா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, "வா" என்று மட்டும் சொல்லி, பழைய பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று, "அய்யா, பத்து வருஷத்துக்கு மின்ன நீங்க ஒண்ணு சொன்னீங்க. திருப்பிக் குடுக்க வந்தேன்" என்றார். பிறகு, பிள்ளைகள் எல்லோரும் கேட்க, தோலும் மண்டையுமாக அந்த வாக்கியத்தை ஓர் எழுத்து பிசகாமல் சொன்னார்.

வாத்தியார் வெளிறிப்போனார். "நான் அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்லையே."

"உங்களுக்கு இருக்காது. வாங்கினவங்களுக்குத்தான் இருக்கும்." சான்றிதழை நீட்டினார். "எனுக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிங்க. சத்தமா."

வாத்தியார் படித்தார். "இன்னொரு வாட்டி" என்றார் நைனா. இன்னொரு முறையும் படித்தார். இதை எழுதும்போதும் எனக்கு இனிக்கிறது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

வாத்தியாரின் மைத்துனர்தான் நைனா வேலை செய்த இடத்தில் மேஸ்திரி. அடுத்த வாரமே, காய்ந்த தோலை அடுக்கும் வேலையிலிருந்து நைனாவை எடுத்துச் சுண்ணாம்புக் குழியில் இறக்கினார். ஒன்றரை வருடம். விரலெல்லாம் வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல் அம்மா ஊட்டிவிட்ட நாட்கள் உண்டு. ஒருநாள் நான் அழுதுகொண்டே, "அவருகிட்ட போய் மன்னிப்பு கேட்டுடலாம் நைனா" என்றேன். என்னைக் கோபமாகப் பார்த்தார். "கேக்கவேண்டியவன் அவன். இது ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. அவன் படிச்சதைக் கேட்டேன் இல்ல, அது போதும்." சாகும்வரை அந்த விரல்கள் முழுதாக மடங்கவில்லை. வாத்தியாரே, என் தலையில் கை வைத்தபோது அருகில் கிடந்த அந்தக் கைகளை நீங்கள் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியாது. என்னை ஆளாக்கியதில் உங்கள் பங்கு அதுதான்.

காரியங்கள் முடிந்து அரக்கோணம் திரும்பிய மறுநாள், ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவர் தம் மகளைச் சேர்க்க வந்தார். அவளை வைத்துக்கொண்டே, "இதுக்கு ஒண்ணும் ஏறாது டீச்சர். பேருக்கு இருக்கட்டும்" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. இவளால் ஆகிற ஒரு காரியத்தை இவள் காதுபடச் சொல்லும்வரை பெயர் எழுத மாட்டேன் என்றேன். அவர் சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. கடைசியில் மெதுவாக, "சத்தத்த வெச்சே எந்த எஞ்சினுன்னு சொல்லுவா" என்றார்.

அந்தப் பெண் தலையைத் தூக்கி, தன் அப்பாவைப் புதிதாய்ப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நான் பெயரை எழுதினேன்.

நைனாவிடம் மன்னிப்பு என்று ஒன்று இருந்ததில்லை. ஆகவே அதை எனக்கு விட்டுப்போகவும் இல்லை. அவருடைய கோபத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.