நான் ஏறாத பஸ்

எழுபதுகளின் தொடக்கத்தில் பல்லடத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். தாராபுரத்துக்கும் திருப்பூருக்கும் இடையே மூன்று பஸ்கள் ஓடின. ஆபீசில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இன்ஜின் செய்த கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தபோது முதலாளிக்கு நானே படித்துச் சொன்னேன்.

இன்ஜினுக்கு டீசல் கொண்டுபோகும் சிறு குழாயில் குறை இருக்கிறது, ஓட்டத்தின் அதிர்வில் விரிசல் விடலாம், கசியும் டீசல் சூட்டில் பட்டால் தீப்பிடிக்கும். உடனே வண்டியை நிறுத்திக் கோயமுத்தூர் பட்டறைக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவதாக எழுதியிருந்தார்கள். கீழே கொடுத்திருந்த இன்ஜின் நம்பர்களில் எங்கள் பஸ்கள் இரண்டின் நம்பரும் இருந்தன.

முதலாளி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "தேர் நோம்பி முடியட்டும். ரெண்டு வண்டிய இப்ப நிறுத்திப்போட்டா சனம் எதுல போவும்?" என்றார். டிரைவர்களிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். பயந்துகொண்டு ஓட்டுவார்கள், வேண்டாம் என்றார். கெட்டவர் இல்லை. என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தேன். என் வீடு குண்டடத்தில். தினமும் காலையில் அந்த இரண்டு பஸ்களில் ஒன்றில்தான் வேலைக்கு வருவேன். மறுநாள் முதல் அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வரும் வேறொரு கம்பெனியின் பஸ்ஸில் ஏறத் தொடங்கினேன்.

நாலைந்து நாள் கழித்து நான் வழக்கமாக வரும் பஸ்ஸின் டிரைவர் ஆபீசுக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்க, நம்ம வண்டி சலிச்சுப் போச்சுங்களா?"

காலையில் வெள்ளென வேலை இருக்கிறது என்றேன். நம்பிவிட்டுப் போனார். உள்ளறையில் முதலாளி உட்கார்ந்திருந்தார், கதவு திறந்திருந்தது. நான் வாயைத் திறக்காததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

தேர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. குண்டடத்தில் நான் ஏறப்போகும்போது ஓர் அம்மாவும் அவருடைய மகளும் ஓடி வந்தார்கள். பனியன் கம்பெனியில் மகளை வேலைக்குச் சேர்க்கப் போகிறார்களாம். இந்த பஸ் திருப்பூர் போகுமா என்று கேட்டார்கள். அது பல்லடத்தோடு நின்றுவிடும். "இல்லீங்க, அடுத்த வண்டி நேராப் போவுதுங்க" என்றேன். பழக்கத்தில் வந்த பதில். பஸ் கிளம்பி ஒரு மைல் போன பிறகுதான் நான் சொன்னது எனக்கு உறைத்தது. இறங்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து லாரிக்காரர் ஒருவர் ஆபீசுக்கு வந்து, ஊருக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் பஸ் தீப்பிடித்து எரிவதாகச் சொன்னார். சைக்கிளில் போனேன். பஸ்ஸின் முன்பாதி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. பின்கதவு வழியாக மற்றவர்கள் தப்பியிருந்தார்கள். இன்ஜினுக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்த அந்தத் தாயையும் மகளையும் டிரைவர் இழுத்து வெளியே போட்டிருக்கிறார். இருவரும் அன்று மாலைக்குள் இறந்துபோனார்கள். டிரைவருடைய இரண்டு கைகளும் வெந்துவிட்டன.

போலீஸ் வந்து கேட்டபோது கடிதம் எதுவும் வரவில்லை என்றார் முதலாளி. நானும் அதையே சொன்னேன். இன்ஜினைச் சரியாகக் கவனிக்காமல் ஓட்டியதாக டிரைவர்மேல் வழக்கு வந்தது.

அவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டு. எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஏன் வேறு பஸ்ஸில் போனேன் என்பதையும்.

 "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டிய எடுத்திருக்க மாட்டனுங்க" என்றார். அதன்பின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வழக்கில் உண்மையைச் சொன்னேன். கடிதம் பைலில் இல்லை. என் வாய்ச்சொல் மட்டும்தான். டிரைவரை விடுதலை செய்தார்கள், முதலாளியை யாரும் எதுவும் செய்யவில்லை. என் வேலை போயிற்று. மடங்கிப்போன கைகளோடு டிரைவரால் ஸ்டீரிங் பிடிக்க முடியவில்லை. அருள்புரத்தில் ஒரு மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அந்த வழியாகப் போகும்போது மில் கேட்டருகே அவரைப் பார்ப்பேன். அவர் என்னிடம் பேசியதில்லை.