மஞ்சள் குளித்த கீழாநெல்லி

குத்தாலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் களையெடுக்கப் போகிறவர்கள் நிறைய பேர். பிடுங்கிய களையை விற்றுப் பிழைக்கிறவர் மலர்க்கொடி அக்கா ஒருவர்தான். மற்றவர்கள் வரப்பில் வீசிவிட்டுப் போகிற கீழாநெல்லியும் பொடுதலையும் அக்கா வீட்டுக் கூடத்தில் பழைய சேலை மேல் நிழலில் காயும். காய்ந்ததும் மூட்டை கட்டி, பஸ் ஏறி, தஞ்சாவூரில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வருவார். ஐம்பதை நெருங்கும் வயது. வாய்க்கு மட்டும் இன்னும் இருபதுதான். செடியின் பெயரை மாற்றிச் சொன்னால் கலெக்டரே ஆனாலும் விடமாட்டார். நான் மூன்று முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் கவிப்ரியா என்ற முனைவர் பட்ட மாணவி கீழாநெல்லி இலை கேட்டாள். அவள் செய்தது இதுதான்: ஊதா நிறக் கரைசல் ஒன்றில் இலைச் சாற்றை விடுவாள். நம் உடம்பின் செல்களைக் கெடுக்கிறவற்றை அடக்கும் சக்தி சாற்றில் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஊதா வெளுக்கும். நன்றாக வெளுத்தால், அடுத்து புற்றுநோய்ச் செல்கள் மேல் சோதனை. அக்கா கொடுத்த முதல் மூட்டைக்கு ஊதா இருந்த இடம் தெரியவில்லை. கவிப்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. செல் சோதனைக்காகச் சாற்றைச் சென்னைக்கு அனுப்ப நாளும் குறித்தாயிற்று.

எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டாவது மூட்டை வாங்கிச் சரிபார்த்தாள். ஊதா பாதிகூட வெளுக்கவில்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதுல வேற செடி எதுவும் கலந்துடுச்சா?"

"கலப்படமா? நானா? ஒவ்வொரு கொத்தையும் திருப்பி, இலைக்கு அடியில காய் வரிசையா இருக்கான்னு பார்த்துத்தாம்மா உருவுவேன்!"

போனை வைத்த பிறகு இரண்டு நாள் தெருவே அக்காவிடம் திட்டு வாங்கியது. பாவம், அவருக்கு அவமானம் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. எங்கள் பக்கம் புதுப் புடவையானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் மஞ்சள் படாமல் நல்ல காரியத்துக்குப் போகாது. முதல் மூட்டை இலையை அக்கா மஞ்சள் தண்ணீரில் நன்றாக அலசித்தான் காயவைத்திருந்தார். இரண்டாவது மூட்டையின்போது வீட்டில் மஞ்சள் தீர்ந்திருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொன்னால் அந்தப் பெண்ணின் சந்தோஷமும் போகும், தன் தொழிலும் போகும். அக்கா அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"தப்பு என்னோடதும்மா. மொத மூட்டைய மஞ்சத் தண்ணில அலசிட்டேன்."

கவிப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏங்க்கா அப்படிச் செஞ்சீங்க?"

"புத்துநோய்க்கு மருந்து தேடுறேன்னு சொன்னியே. நல்லபடியா வரணும்னுதான்."

பக்கத்தில் நின்ற பேராசிரியை வள்ளியம்மை விழுந்து விழுந்து சிரித்தார். "காமாலை மருந்துக்கே மஞ்சள் பூசி அனுப்பியிருக்கீங்களே!" என்றவர், கடை மஞ்சள்தூளைக் கரைத்து ஊதாவில் விடச் சொன்னார். ஊதா காணாமல் போனது. சென்னைப் பயணம் ரத்தானது.

வீடு திரும்பிய அக்கா, "இனிமே நாத்து நடவும் களையெடுப்பும்தான் எனக்கு" என்றார். நாங்கள் என்ன சொல்லியும் முகம் தெளியவில்லை.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

"அக்கா, ஆரம்பத்துலேர்ந்து திரும்பச் செய்யப்போறேன். பெரிய மூட்டையா ரெண்டு வேணும். வேற யார்கிட்டயும் வாங்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க."

"என்கிட்டயா? நான்தானே எல்லாத்தையும் கெடுத்தேன்?"

"அதை நீங்களே வந்து சொன்னீங்களே. நல்லா வந்த ரிசல்ட்டப் பொய்னு சொல்ல பஸ் பிடிச்சு வர்ற ஆளை எங்கக்கா தேடுறது?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"மஞ்சத் தண்ணில அலச மாட்டேம்மா. சாமிய மட்டும் கும்பிட்டு அனுப்பட்டுமா?"

"தாராளமா கும்பிடுங்க. விபூதி மட்டும் போட்டுடாதீங்க."