வாடாமல்லி ஏறிய பிரேக் பின்கள்

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் திருத்தணி டவுன் பஸ் காவடிகளுக்கு நடுவே தெப்பம் போல அசைந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் தேசப்பன் அரைத் தூக்கத்தில் இருந்தான்.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன். படித்தது உலோகவியல். மகனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவன் நைனா சிவப்பிரகாசம், "இரும்ப வேக வெக்கறான். பதம் பாத்து எறக்கறது அவன்தான்" என்பார். பெரிய தப்பில்லை. லாரி பிரேக்குக்கான பின்களை உலையில் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி இளஞ்சூட்டில் வாட்டி எடுக்கிற பகுதிக்கு அவன் இன்ஜினியர்.

தரச் சான்றிதழில் இதுவரை மேலாளர் முரளிதரன்தான் கையெழுத்திடுவார். இன்றைய லோடு முதன்முதலாகத் தேசப்பனுடைய கையெழுத்தில் போகிறது. அந்தப் பூரிப்பில், கடைசி வாட்டல் முடியும் முன்பே, நேற்று மாலையே கையெழுத்தைப் போட்டு வைத்துவிட்டான்.

போன் அடித்தது. வாட்டும் உலையைப் பார்த்துக்கொள்ளும் பிரபாவதி.

"சார், வாடாமல்லி வந்துகீதுங்க."

வெளியே பம்பைச் சத்தம். உலைக்கு மேலே மாட்டியிருக்கும் முருகன் படத்துக்குப் பூ வந்திருக்கிறது என்று நினைத்தான்.

"நல்லதுக்கா. போட்டுடுங்க."

"போட்டுடலாமா சார்? பூரா வாடாமல்லி."

"ஆங், பூராத்தையும் போட்டுடுங்க."

கண்ணை மூடினான். அம்மா தாயம்மாள் கூலிக்குப் பூப்பறித்த வயல்கள் வரப்பு வரப்பாக விரிந்தன. மலையே ஊதா நிறத்தில் மெல்ல எழும்பி, பஸ் கூடவே வந்தது.

தொழிற்சாலையில் முருகன் படத்துக்கு ஒரே ஒரு சாமந்திச் சரம்தான் இருந்தது.

"பூ எங்கக்கா?"

"இன்னா பூ சார்?"

"வாடாமல்லி வந்துதுன்னு சொன்னீங்களே."

"அது கலர் சார்." பிரபாவதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். அவளுக்கு வாடாமல்லி என்றால் நூலின் நிறம். "பின்னுங்க சந்தனக் கலர்ல வரணும்னு சொல்லிகினே இருப்பீங்க. வந்தது வாடாமல்லி. கேட்டேன். போட்டுடச் சொன்னீங்க. லாரில போட்டாச்சு."

தேசப்பன் வாசலுக்கு ஓடினான். லாரி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. டிரைவரைக் கையமர்த்திவிட்டு, ஒரு பெட்டியைத் திறந்தான். மழைக்கு முந்திய மாலை வானத்தை நறுக்கி அடுக்கியது போல ஊதாப் பின்கள். அவ்வளவு அழகான தப்பை அவன் பார்த்ததில்லை. சூடு எல்லை தாண்டினால்தான் அந்த நிறம் ஏறும். கடினம் குறைந்தது ஐம்பத்தாறு இருக்க வேண்டும், சோதித்தால் ஐம்பத்தொன்று. உலைக்குள் சூட்டை அளக்கும் கம்பி இடம் நழுவி, வெளியே குறைவாகக் காட்டியிருக்கிறது.

முரளிதரன் வந்துவிட்டார். "யாருய்யா ஏத்தச் சொன்னது?"

பிரபாவதி வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "நான்தான் சார். அவங்க கேட்டாங்க, எனக்குத்தான் புரியல. கையெழுத்தும் நேத்தே போட்டுட்டேன்."

"பாக்காமயா?"

"பாக்காமத்தான் சார்."

முரளிதரன் சான்றிதழை நான்காகக் கிழித்தார். "லோட எறக்கு. கையெழுத்து இன்னும் கொஞ்ச நாள் நானே போடறேன்."

கம்பியைச் சரிசெய்து, பின்களைத் திரும்பவும் சிவக்கக் காய்ச்சும் பெரிய உலைக்குள் ஏற்றினார்கள். தேசப்பன் பார்வைத் துளையில் கண்ணை வைத்து நின்றான். ஊதா கரைந்தது, இருட்டுக்குள்ளிருந்து சிவப்பு ஊறி, ஆரஞ்சாகக் கனிந்தது. இரும்பு தனக்கு நடந்ததையெல்லாம் மறந்துகொண்டிருப்பது போலிருந்தது. நேரம் போனதே தெரியவில்லை.

எண்ணெயில் முக்கி, வாட்டி, வெளியே எடுத்தபோது பிற்பகல். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் எடுத்துச் சோதித்தான். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, மறுபடி ஐம்பத்தெட்டு. புதுச் சான்றிதழில் எண்களை எழுதினான். கையெழுத்துக்கான இடத்தை வெறுமனே விட்டு, தாளை முரளிதரனிடம் எடுத்துக்கொண்டு போனான்.