அப்ரூவல் சாம்பிள்

வேலை முடிந்து கம்பெனி வேனில் திரும்பிய அம்மா, பல்லடம் சாலையில் இறங்கி வீட்டுப் பக்கம் கடக்கையில் லாரி மோதி இறந்தார். இழப்பீடு கிடைக்க, அது வேலையின்போது நேர்ந்த சாவா, இல்லையா என்பதே வழக்கு. உயர் நீதிமன்றம் வரை போனோம்.

“நமக்கு முன்தீர்ப்பு ஒண்ணு இருக்குதுங்க,” என்றார் எங்கள் வக்கீல். கம்பெனி வேன் கவிழ்ந்து இறந்த ஒரு பெண்ணின் வழக்கு அது. அது வேலையின்போது நேர்ந்த சாவுதான் என்று அதே நீதிமன்றம் முன்பு சொல்லியிருந்தது.

நான் பனியன் கம்பெனியில் தரம் பார்ப்பவள்; வாங்குபவர் ஒப்புக்கொண்ட மாதிரி பனியனோடு ஒவ்வொன்றையும் ஒத்துப்பார்ப்பது என் வேலை. “அப்ரூவல் சாம்பிள் மாதிரிங்களா? அதோட ஒத்துப்போனா பாஸ்?”

“அதேதானுங்க.”

எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றே ஒன்றைச் சொன்னார்: “அந்தம்மா வேனுக்குள்ள இருந்தாங்க. இவங்க இறங்கிட்டாங்க.” இரண்டு வழக்கிலும் நடந்தவை வேறு வேறு என்று மேல்முறையீடு தள்ளுபடியானது.

வெளியே வந்து கேட்டேன். “நாங்க அளவுல அரை சென்டிமீட்டர் வித்தியாசம் விடுவோமுங்க. இங்க எவ்வளவு விடுவாங்க?”

“அதையெல்லாம் அளக்க இங்க டேப் இல்லீங்க.” கோப்பைக் கட்டியபடியே சொன்னார்: “இனி கம்பெனிக்காரங்க நம்ம தீர்ப்பையும் முன்தீர்ப்புன்னு காட்டுவாங்க.”

மறுநாள் மாலை, எங்கள் வேனிலிருந்து பெண்கள் இறங்கிச் சாலையைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் யாருக்கு என்ன நேர்ந்தாலும், பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்கும் சாம்பிள் இனி என் அம்மா.