எந்தப் பக்கமும் நிற்காதவரின் வீடு

லண்டன் நோர்பரியில் நாங்கள் குடியிருந்த மாடி அறைகளில் பரஃபின் எண்ணெய் ஹீற்றரின் மணம் சோற்றில்கூட ஏறியிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்குப் பதினொரு வயதில், அந்த மணத்துக்குள் உட்கார்ந்துதான் எங்கள் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட கடிதத்தை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில் தபால் "கந்தோரில்" வேலை பார்த்தவர். எந்த ஆயுத இயக்கத்துக்கும் எந்த இராணுவத்துக்கும் தலையாட்டாமல் இருந்தது அவருக்குப் பெரிய பெருமை. அந்தப் பெருமையில், ஊரில் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் செய்வதுபோல, "இவர் எப்பக்கமும் சாராதவர்" என்று கிராம அதிகாரியான விதானையார் எழுதித் தந்த "நற்சான்றுப் பத்திரத்தை" லண்டன் அதிகாரியிடம் நீட்டிவிட்டார். மெச்சுவார்கள் என்று நினைத்திருக்கிறார், பாவம். அதையே பிடித்துக்கொண்டார்கள்: எப்பக்கமும் சாராதவருக்கு யாரால் ஆபத்து? அரசாங்க விமானம் போட்ட குண்டில் எங்கள் வீடும் சித்தியும் போனதைப் பற்றி மறுப்புக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

"அண்ணை, அப்பீலிலயாவது ஒரு பக்கத்தைச் சொல்லுங்கோ" என்றார் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர். "அந்தப் பத்திரத்தைத் திருப்பி வாங்குங்கோ."

"ஏலாது. ஒரு பக்கமும் நிக்காதவன்ர வீட்டிலயும் குண்டு விழும். அதைத்தான் சொல்லப்போறன்."

கீழ்வீட்டில் நோறா அன்ரி இருந்தார், டப்ளினில் பிறந்தவர். கடிதத்தை நான் காட்டியதும் அவர் முகம் சிவந்துவிட்டது. உலகப் போரில் அயர்லாந்து எப்பக்கமும் சேரவில்லை. அப்படியிருந்தும் ஜெர்மன் குண்டு அவர் தெருவில் விழுந்து, தம்பியைக் கொன்றது. அயர்லாந்து விடாமல் கேட்டது, ஜெர்மனி பொறுப்பேற்றது. அதை அறிவித்து அவருடைய தாய்க்கு வந்த கடிதத்தை அலுமாரியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார்.

விசாரணையில் அப்பா விதானையாரின் பத்திரத்தையும் அந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எங்கள் வழக்கறிஞர் தலையில் கைவைத்துக்கொண்டார். நோறா அன்ரி, தேவாலயத்துக்குப் போடும் தொப்பியோடு, நடுவரை முறைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அப்பாவை நினைத்து அன்றுபோல நான் என்றும் பெருமைப்பட்டதில்லை.

இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. அம்மா பொங்கிப் படைத்தார். அப்பா முடிவுக் கடிதத்தை இரண்டுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"விசா கிடைச்சிட்டுது. குண்டுக்கு மறுமொழி கிடைக்கேல்லை" என்றார்.

அடுத்த நாளே குண்டு போட்ட அரசாங்கத்துக்கு எழுதினார்: என் வீட்டில் குண்டு போட்டது நீங்கள்தான் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். சாகும்வரை வருடந்தோறும் எழுதினார்.

இன்று அந்த நோர்பரி வீடு இடிபட்டு அங்கே அடுக்குமாடி நிற்கிறது. அப்பா இல்லை, நோறா அன்ரியும் இல்லை. கடிதத்தை இப்போது நான் எழுதுகிறேன். போன மாதம் அனுப்பியதில் அப்பாவின் பெயருக்குக் கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே, தானாகவே பேனாவை வாங்கி, என் மகள் போட்ட கையெழுத்து. பதில் வரும்வரை அந்தத் தாளில் பெயர்கள் கூடிக்கொண்டுதான் போகும்.